பாறையில் ஒரு பெயர்

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 மைல் தொலைவில், 'நெருப்புப் பள்ளத்தாக்கு' என்னும் மாநிலப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூமரங்களையும் புற்றரையையும் எண்ணிவிட வேண்டாம். ஆண்டு முழுவதிலும் 4 அங்குலம் அளவே மழை காணும் பாலைநிலம் அது. எங்கு நோக்கினும் செம்பாறை. காற்றில் அலைந்த மணற்குன்றுகளே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறுகிக் கல்லாயின என்பர்.

அப்பாறைகளுக்கு இடையே சிறியதொரு பள்ளத்தாக்கின் வழியாக நடைபாதை ஒன்று செல்கிறது. போய்வர முக்கால் மைல்தான். பெரிய ஏற்றமில்லை, கால் புதையும் மணலே சிரமம். சிறுவரும் நடக்கலாம். இருபுறத்துச் சுவர்களிலும் காட்டாடுகள், மனித உருவங்கள், சுழிகள் எனப் பழைய மக்கள் கொத்திய உருவங்கள் பல உள்ளன. அவற்றின் பொருள் இன்னதென்று அறிஞர் ஒருமித்துக் கூறவில்லை. வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் பாறையின்மேல் மங்கனீசும் இரும்பும் சேர்ந்து கரிய மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அது படிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அந்தப் பூச்சைக் கல்லால் கொத்தி நீக்க, உள்ளிருக்கும் வெளிர்நிறம் உருவமாகத் தெரிகிறது.

இன்று ஓர் இளைஞன் அதே பாறையில் திறப்பினால் தன் பெயரைக் கீறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் குற்றவாளி. முன்னவன் கொத்தியது செல்வம், இவன் கீறியது சேதம். இது நியாயமா?

பழமைதான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால், பொறுத்திருந்தால் இவன் கீறலும் பழையதாகிவிடுமே! பெயரைக் கீறுவது வெறும் தற்பெருமை என்பதும் முழு விடையாகாது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் எல் மோறோ என்றொரு பாறை உண்டு. 1605ஆம் ஆண்டு அவ்வழி சென்ற ஸ்பானியத் தலைவர் ஒஞாத்தே தாம் கடந்து சென்றதை அதில் பொறித்துவைத்தார். அவருக்குப் பின் வந்த பயணிகள் பலரும் அவ்வாறே செய்தனர். வழிப்போக்கரின் தற்பெருமையாகிய அந்த எழுத்துகளை 1906 முதல் அரசு நினைவுச்சின்னமாகப் பேணி வருகிறது. இளைஞன் இதை எடுத்துக்காட்டி வாதாடினால் நமக்கு வாயடைத்துப் போகும்.

ஆயினும் ஒன்று உண்டு. ஒஞாத்தே தாகத்தோடு பாலை கடந்து வந்தவர். இவனோ மோட்டார் வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்து வந்தவன். இவனைப்போல் வருவோர் எண்ணற்றோர். ஒவ்வொருவரும் ஒரு பெயர் எழுதினால் அந்த மெல்லிய பூச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? தனக்குப் பின் வரும் எல்லோருக்கும் அனுமதிக்க முடியாத ஒன்றைத் தனக்கு மட்டும் அனுமதிப்பதே இங்கு பிழை. வழி எளிதாக எளிதாக, நடப்பவனின் கட்டுப்பாடு கூடவேண்டியிருக்கிறது. நாம் பொதுவாக இதற்கு நேர்மாறாகவே எண்ணுகிறோம்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இந்நடைபாதை முடியுமிடத்தில் மழைநீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் பாறைக்குழி ஒன்று உண்டு. 1890களில் சட்டத்துக்கு அஞ்சி இங்கு ஒளிந்திருந்த தெற்குப் பயூட் இனத்தவர் ஒருவரின் பெயரால் அதனை 'மவுசின் தொட்டி' என்கின்றனர். அவருடைய இனத்தாருக்கென மொவாப்பா ஆற்றங்கரையில் 1873இல் பெருநிலம் ஒதுக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது 1,000 ஏக்கராகச் சுருக்கப்பட்டது. 1980இல்தான் ஏறத்தாழ 70,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. முன்னோர் நிலத்தைப் பறித்த அரசே பாறையின் கீறல்களைக் காத்து நிற்கிறது. அப்படியானால் அதன் தடையுத்தரவுக்கு என்ன தகுதி என்று இளைஞன் கேட்கலாம்.

கேள்வி சரியானது. ஆனால் அதனால் அவனுக்கு உரிமை பிறப்பதில்லை. நிலம் அரசினுடையதல்ல என்றால், அவனுடையதும் அல்ல. பயூட் மக்கள் இன்றும் அருகிலேயே வாழ்கின்றனர். பாறையில் எழுதலாமா என்று அவர்களிடம் கேட்க அவனுக்குத் தோன்றியதா? சுவரில் இன்னும் கருமையாக வெற்றிடம் கிடக்கிறது. திறப்பும் சட்டைப்பையில் இருக்கிறது.