அப்பாவுக்குப் பாடம் சொன்ன பிள்ளை



சுவாமிமலைக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாம முழிச்ச பிரம்மாவைத் தலையில குட்டி, சிறையில போட்டார் குமரன். விஷயம் கேட்டு சிவபெருமானே வந்தார். "சரி, உனக்குப் பொருள் தெரியுமா?" "தெரியும். ஆனா சீடனா இருந்து கேட்டாத்தான் சொல்வேன்." அப்பா கைகட்டி, வாய்பொத்திக் கேட்டார். அப்பனுக்கே குரு ஆனதால சுவாமிநாதன்.

இந்தக் கதை நம்ம ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் தினமும் நடக்குது மக்களே.

செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவுல பலாங்கீர், நுவாபடா பக்கத்துல இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. சிப்காட் கம்பெனி வேலைக்கு பீகார்ல இருந்து வந்து, வாடகை வீடு பிடிச்சுத் தங்கிட்டவங்களும் இருக்காங்க. அப்பா அம்மாவுக்கு வேலைக்கு வேண்டிய நாலு தமிழ் வார்த்தைதான் வரும். பையன் பதிமூணு வயசுல இங்க ஸ்கூல்ல சேர்ந்தான்னா, ஒரு வருஷத்துல 'மச்சி' போட்டுப் பேசுறான். அப்புறம் அந்த வீட்டுக்கு வாய் அவன்தான். வீட்டு ஓனர்கிட்ட வாடகை பேசறது, மேஸ்திரிகிட்ட கூலிக் கணக்கு கேக்கறது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவன் தலையில.

படிச்சவங்க இதுக்கு 'லேங்குவேஜ் புரோக்கரிங்'னு பேர் வச்சிருக்காங்க. டொராண்டோவுலயும் லண்டன்லயும் ஈழத்துப் பிள்ளைங்க அப்பா அம்மாவுக்காக இங்கிலீஷ்ல செஞ்சதும் இதேதான். எங்க ஐடி பாஷையில சொன்னா, ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல மாட்டின ஏபிஐ. ஆனா ஏபிஐக்கு மனசு கிடையாது, இவனுக்கு இருக்கு. அப்பாவுக்கு நுரையீரல்ல பிரச்சனைன்னு டாக்டர் சொல்றதை முதல்ல கேக்கறது அந்தப் பதினாலு வயசுக் காதுதான். அதை அப்படியே சொல்லணுமா, பாதியை முழுங்கணுமான்னு அங்கேயே நின்னு முடிவு பண்ணணும். நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட இதை விடுவோமா?

இன்னொண்ணும் நடக்கும். வெளியில எல்லாத்தையும் தானே பேசி முடிக்கிற பிள்ளைக்கு, மெதுவா அப்பா சின்னவராத் தெரிய ஆரம்பிப்பார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு"ன்னு நாலு பேர் முன்னாடி வாயில வந்துடும். அப்பா தலையைக் குனிஞ்சுப்பார்.

இங்கதான் சுவாமிமலையைத் திரும்பப் பாருங்க. பிரம்மாவை எல்லாருக்கும் தெரியத் தண்டிச்ச அதே முருகன், அப்பாகிட்ட எப்படிச் சொன்னார்? காதோட காதா. சபையைக் கூட்டிச் சொல்லல. தெரிஞ்சது பிள்ளைக்குத்தான், ஆனாலும் அப்பாவோட மரியாதையை அவர் கையில எடுக்கல. சுவாமிமலையில 60 படி ஏறினா மேல சுவாமிநாதன். கீழ மீனாட்சி சுந்தரேஸ்வரர். பிள்ளை உசரத்துல இருந்தாலும் அப்பா அம்மாவைக் கும்பிட்டுட்டுத்தான் நாம மேல ஏறறோம்.

அப்பா பக்கமும் ஒண்ணு இருக்கு. கேட்டது அவர்தான். தெரிஞ்சுக்க பிள்ளைகிட்டக் குனியறதை சிவனே கௌரவக் குறைச்சலா நினைக்கல.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைங்க கதை வேற மாதிரி. பாஷை தமிழ்தான், முருகனும் அதே நல்லூர்க் கந்தன்தான். ஆனா வீட்ல 'கதைக்கிறது', ஸ்கூல் வாசல் தாண்டினா 'பேசறது'. கிண்டலுக்குப் பயந்து சொந்தப் பேச்சைப் பையில வச்சு மூடிட்டு வர்ற பிள்ளைங்க அவங்க. பாட்டி பேசினா ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி கூச்சம். இத்தனைக்கும் அவங்க பிறந்ததே இங்கதான். ஆனா நம்ம சட்டப்படி 1987 ஜூலைக்கு அப்புறம் இங்க பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது, அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2019 சட்டத்திருத்தத்திலயும் இலங்கை வரல. எவ்வளவுதான் நம்மள மாதிரி பேசினாலும் காகிதத்துல வெளியாள். இதுல "நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாறிக்கோ"ன்னு அவங்களுக்கு நாம என்னத்தை உபதேசம் பண்றது!

நம்மால முடிஞ்சது சின்னதுதான். பையன் மொழிபெயர்த்தாலும், பேசும்போது அந்த அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுங்க. "என்னண்ணா, சாப்டீங்களா"ன்னு அவர்கிட்டயே கேளுங்க, புரியும். முகாம் பிள்ளை 'கதைக்கிறன்'னு சொன்னா சிரிக்காதீங்க.

ஒடிசாக்காரப் பிள்ளைகிட்ட குமார பூர்ணிமா பத்திக் கேட்டுப் பாருங்க. ஐப்பசி வாக்குல வர்ற பௌர்ணமி அது. அழகான மாப்பிள்ளை வேணும்னு கல்யாணமாகாத பொண்ணுங்க அங்க கொண்டாடுவாங்க. அந்த அழகுக்கு அளவுகோல் யார் தெரியுமா? கார்த்திகேயன், நம்ம ஆள்தான்! அதை நமக்குச் சொல்லித்தரும்போது அவன் முகத்தைப் பார்க்கணும்.

வர்ற செவ்வாய் சிறுவாபுரி போறவங்க, சொந்த வீடு வேணும்னு ஆறு வாரம் வேண்டிக்கிட்டு நிக்கற வரிசையைக் கவனிங்க. சூளைக் கொட்டகையில இருந்தும் முகாம்ல இருந்தும் வந்தவங்க அதுல நிப்பாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு இடம் விடுங்க.

முருகா சரணம்.