தையல் போட்ட பிறகு

கருப்பை வாய் தளர்ந்திருக்கிறது என்று தையல் போட்டுக்கொண்ட பெண்ணைத் தேடி, சில மாதங்களில் ஒரு கேள்வி வந்து சேரும். "இனிமே உண்டாகுமா?" சில சமயம் அவளே கேட்பாள், சில சமயம் மாமியார் கேட்பார். வாயைத் திறக்காமலே கேட்கிற கணவர்களும் உண்டு.

மருத்துவத்தின் பதில் சுருக்கமானது: உண்டாகும். கரு உருவாவது குழாயில், தையல் விழுவது வாயில். யோனி வழியாகப் போடும் தையலை 36, 37 வாரங்களில் பிரித்துவிடுவார்கள். அடுத்த கர்ப்பத்துக்குத் தேவைப்பட்டால் 12 முதல் 14 வாரங்களுக்குள் புதிதாகப் போட வேண்டும். வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பி மூலமோ இன்னும் மேலே போடும் தையல் வேறு ஜாதி. அது உள்ளேயே இருக்கும், குழந்தையை சிசேரியன் செய்துதான் எடுக்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கென்று அதே தையலை விட்டுவைக்கலாம். மாதவிடாய் வெளியே வரவும் விந்து உள்ளே போகவும் அதில் வழி இருக்கிறது.

என்னை உறுத்துவது இந்தப் பதில் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அது வேறொன்றாக மாறிவிடுவதுதான். டாக்டர் 'முடியும்' என்கிறார். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது 'செய்யணும்' ஆகிவிடுகிறது. ஒருவர் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொன்னால், அவரால் அதைச் செய்ய முடியும் என்பதும் அதற்குள் அடக்கம் என்று காண்ட்டின் பெயரால் ஒரு கொள்கை சொல்வார்கள். முடியாததை ஒருவர் மேல் கடமையாகச் சுமத்தக் கூடாது என்பது அதன் நியாயம். நம் கூடங்களில் அது தலைகீழாக நிற்கிறது. முடியும் என்று ஆகிவிட்டதா, அப்போது செய்தே தீர வேண்டும்.

என் சித்தி மகளுக்கு முதல் கரு 20-வது வாரத்தில் போனது. வலியே இல்லை, இடுப்பில் ஏதோ கனமாக இருக்கிறது என்றுதான் போனாள். அடுத்த முறை தையல் போட்டார்கள், 22-வது வாரத்தில் அதுவும் போனது. பிறகு வயிற்று வழியாகத் தையல், சிசேரியன், ஒரு பெண் குழந்தை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது ஆரம்பித்தது பேச்சு. "தையல்தான் உள்ளயே இருக்கே, சும்மாதானே கிடக்கு" என்றார் ஒரு பெரியம்மா. வாங்கி வைத்த மிக்ஸியை உபயோகிக்காமல் வைத்திருப்பதைப் பற்றிப் பேசுகிற தொனி. அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள், "முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்கா."

இந்த வாக்கியத்தைச் சாதாரணமாகக் கடக்க என்னால் முடியவில்லை. ஒரு பெண் தன் உடம்பின் இயலாமையை வரமாகக் கேட்கிறாள். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை, 'முடியாது' என்ற மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே தன்னை விடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது இங்கே உதவும். பம்பாயில் இருந்த மருத்துவர் வி.என். ஷிரோத்கர் 1955-ல் இதைப் பற்றி எழுதியது லண்டன் பத்திரிகையில் இல்லை, நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி ஆன்டிசெப்டிக்' இதழில். அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு சவ்வுப் பட்டையை எடுத்து கருப்பை வாயைச் சுற்றிக் கட்டினார். 1957-ல் மெல்போர்னில் இயன் மெக்டொனால்ட், சுருக்குப் பை வாய்போல இழுத்துக் கட்டும் எளிய முறையைச் சொன்னார். இன்றும் பெரும்பாலும் இவர்கள் பெயரால்தான் தையலைக் குறிப்பிடுகிறார்கள். ஓய்வும் ஹார்மோனும் கைகொடுக்காமல் நான்காம் மாதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப இழந்த பெண்களுக்காகச் செய்யப்பட்டது இது. பிள்ளை வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கான கருவி. கேட்காதவளிடம் போய் "கருவி இருக்கே" என்று சொல்வதற்காக அல்ல.

கருவி என்ன செய்கிறது என்பதிலும் நாம் நினைக்கிற நிச்சயம் இல்லை. 1993-ல் பல நாடுகளைச் சேர்ந்த 1292 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. தையல் போடலாமா வேண்டாமா என்று மருத்துவர்களுக்கே உறுதி இல்லாத பெண்கள் அவர்கள். 33 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள், தையல் போட்டவர்களில் 13 சதவீதம், போடாதவர்களில் 17 சதவீதம். அதாவது ஏறக்குறைய 25 பேருக்குப் போட்டால் ஒருவருக்குத்தான் அந்தத் தையலால் பலன். மற்றவர்களில் பெரும்பாலோர் தையல் இல்லாமலும் பெற்றிருப்பார்கள், சிலர் தையல் இருந்தும் இழந்திருப்பார்கள். என் சித்தி மகளைப் போல ஏற்கெனவே ஒரு தையல் தோற்றவர்களின் நிலை வேறு. 2020-ல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் வயிற்று வழித் தையல் போட்டவர்களுக்கு 32 வாரத்துக்கு முந்திய பிரசவம் 8 சதவீதம், வழக்கமான யோனி வழித் தையலில் 33 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் 8 என்பது பூஜ்யம் இல்லை. அந்தத் தையல் இருக்கும்போது கரு பிந்திய மாதங்களில் உள்ளேயே இறந்துபோனால், அதை எடுக்கவும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். "சும்மாதானே கிடக்கு" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. இந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே உறுதியாகக் காட்டும் சோதனை, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்குக் கிடையாது. கர்ப்பத்தின்போது ஸ்கேனில் வாயின் நீளத்தை அளக்கலாம், 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கவலைப்படலாம். ஆனால் பெரும்பாலும் ஒரு பிள்ளை போன பிறகுதான் சந்தேகமே வருகிறது. முதல் குழந்தைதான் சோதனை, அதன் சாவுதான் அறிக்கை. இப்படிக் கிடைத்த அறிவை வைத்துக்கொண்டு, "முன்னாடியே பார்த்திருக்கலாமே" என்று அவளைக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். அவன் மீது எந்தத் தவறும் இல்லாமலே ஒரு குழந்தை அவன் வண்டியில் அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு வரும் வருத்தம் வேறு, அவனுக்கு வருவது வேறு. உன் தப்பில்லை என்று நாம் அவனைத் தேற்றுவோம், ஆனால் அவன் உடனே தேறிவிட்டால் நமக்கே என்னவோ போல இருக்கும். கருவை இழந்த பெண்ணின் துக்கத்துக்கு இந்த உதாரணம் பக்கத்தில் வருகிறது, பொருந்தவில்லை. ஓட்டுநர் ஒரு வண்டியையாவது ஓட்டினான். இவள் ஒன்றுமே செய்யவில்லை. அதனால் அவளே தேட ஆரம்பிக்கிறாள்: மாடிப்படி ஏறினேனா, தண்ணீர்க் குடம் தூக்கினேனா, அந்தக் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனது தப்போ? வீட்டில் இருப்பவர்கள் கூடச் சேர்ந்து தேடித் தருகிறார்கள். படுத்தே கிடந்தால் கருப்பை வாய் தாங்கும் என்பதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. என்றாலும் 'நடமாடினாள்' என்பது நம்மிடம் இன்னும் குற்றச்சாட்டுதான்.

பாபநாசம் பக்கத்தில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கதையிலும் இதே முடிச்சு இருக்கிறது. கர்ப்பிணியான வேதிகை களைத்துப் படுத்திருக்கிறாள். பிச்சை கேட்டு வந்த முனிவரைக் கவனிக்கவில்லை என்று அவர் சபிக்கிறார், கரு கலைகிறது. அம்பாள் அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காப்பாற்றுகிறாள். ஓய்வெடுத்ததற்குச் சாபம்! வேலை செய்தாலும் பழி, படுத்தாலும் பழி. அந்தக் கோயிலுக்கு நெய்ப் பிரசாதம் வாங்கப் போகிறவர்களுக்கு அம்பாள் காப்பாற்றியது நினைவிருக்கும். எனக்கு அந்த முனிவர்தான் நினைவில் நிற்கிறார், எங்கள் வீட்டிலேயே நாலைந்து பேராக.

மொழியிலாவது நாம் கொஞ்சம் கருணையோடு இருந்திருக்கிறோம். ஆங்கில மருத்துவ நூல்கள் நெடுங்காலம் இந்தக் கருப்பை வாயைத் 'திறனற்றது' என்றே எழுதின, பிறகுதான் 'போதாமை' என்று மாற்றிக்கொண்டன. நம் பேச்சில் "தங்கலை" என்போம். எழுவாய் கரு. வந்தது, தங்கவில்லை, போய்விட்டது. ஆனால் அதே வாக்கியத்தைச் சற்று நீட்டி "அவளுக்குத் தங்கலை" என்று சொல்லும்போது அந்தக் கருணை பாதி காணாமல் போகிறது.

பிள்ளை வேண்டும் என்று மூன்றாவது முறை, நான்காவது முறை முயல்கிறவர்களை நான் குறைசொல்லவில்லை. என் சித்தி மகளே அப்படி முயன்றவள்தான். அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்கு மலைப்பு உண்டு. நான் கேட்பது, அந்தத் துணிச்சல் அவளுடையதாக இருந்ததா என்பது மட்டும். மூன்றாவது முறை இருந்தது, எனக்குத் தெரியும். தேதி குறித்து, லீவு எழுதிக் கொடுத்து, பையை அவளே அடுக்கினாள். இப்போது அப்படி இல்லை. டாக்டரிடம் கணவனும் மாமியாரும் கூட வராமல் ஒருமுறை தனியாகப் போய்ப் பேசு என்று மட்டும் சொன்னேன்.

போய்விட்டு வந்தாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றால் அந்தத் தையலை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டாளாம். அவசியமில்லை, அதுபாட்டுக்கு இருக்கும் என்றாராம் டாக்டர். அடுத்த தடவை பெரியம்மா பேச்செடுத்தபோது, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொல்லியிருக்கிறாள், "கிடந்துட்டுப் போகட்டும் பெரியம்மா."