எந்த எழுத்தில் படித்தால் என்ன?

பெங்களூருக்குத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆனேக்கல் தாலுகாவில், வீட்டில் ஒரு பாஷையும் கடைத்தெருவில் மற்றொன்றும் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதுமாகப் பேசிப் பழகிய குழந்தைகள் ஏராளம். பிள்ளை எந்நேரமும் கன்னடக் கதைப் புத்தகமே கதியென்று கிடக்கிறதே, தாய்மொழி கைநழுவிப் போய்விடாதா என்று இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், வாசிப்பினால் குழந்தைக்கு விளையும் பிரயோஜனம் எத்தகையது என்பதைச் சாவகாசமாக யோசித்துப் பார்த்தால், கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பஞ்சாயத்து நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தோடு திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உதடசைய வாசித்துக்கொண்டிருந்தாள். ஓரெழுத்தின் காலடியில் இன்னோரெழுத்து ஒட்டிக்கொண்டு வரும் இடங்களில் விரல் நின்றது. உதடு இரண்டொரு தரம் முயன்று பார்த்தது. பிறகே விரல் நகர்ந்தது. கதையில் ஏதோ பயங்கரமான கட்டம் வந்திருக்க வேண்டும். சட்டென்று புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். தைரியம் வந்த பின் மறுபடியும் திறந்தாள்.

வாசிப்பின் தலையாய பலன் இந்தச் சிறு செய்கையில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியில் ஓடும் படம் தன் வேகத்தில் ஓட, குழந்தை அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. புத்தகமோ குழந்தைக்காகக் காத்திருக்கிறது. பயத்தை எவ்வளவு நேரம் தாங்குவது, பிறர் துக்கத்தில் எங்கே சற்று நின்று இளைப்பாறுவது, பிடித்த இடத்துக்கு எத்தனை தரம் திரும்பிப் போவது என்பதையெல்லாம் தானே நிர்ணயித்துக்கொள்ளும் சுதந்திரம், பெரியவர்கள் சொற்படியே எழுந்து, உண்டு, உறங்கும் ஒரு ஜீவனுக்கு வேறெங்கே கிடைக்கும்? சொல்வளம் பெருகும், பரீட்சையில் மதிப்பெண் கூடும் என்பனவும் மெய்யே. அவை தாமாக வந்து சேர்பவை.

அன்று மாலையே அவள் அந்தக் கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். பாட்டி, “ஏண்டி, அவன் எதுக்கு அப்படிப் பண்ணினான்?” என்று இடைமறிக்க, சொல் அகப்படாமல் தவித்தவள், கையால் சைகை காட்டி, வேண்டிய சொல்லைப் பாட்டியிடமே கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனாள். கன்னடப் புத்தகம் அந்த வீட்டுத் தமிழைக் குறைக்கவில்லை. அதற்கு வேலை கொடுத்தது.

பாஷைகளைக் கடந்து கதை நடமாடுவது நமக்குப் புதிதன்று. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, தமிழில் ‘அம்புலிமாமா’வாகவும் தெலுங்கில் ‘சந்தமாமா’வாகவும் வெளிவந்து, பின்னர் கன்னடத்திலும் வரலாயிற்று. ஓவியர் சங்கர் தீட்டிய, வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் விக்கிரமாதித்தனை மூன்று பாஷைக் குழந்தைகளும் தங்கள் ராஜாவாகவே பாவித்தார்கள்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலக சாஸ்திரத்தின் விதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்தவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகமே புறப்பட்டுப் போயிற்று. பிற்காலத்தில் பெங்களூரில் வசித்து, 1972இல் அங்கேயே காலமான அந்த மேதையின் விதி, இந்தத் தாலுகாவில் இன்னும் பூரணமாக நிறைவேறவில்லை. 2020இல் கர்நாடக அரசு ‘ஓதுவ பெளக்கு’ என்னும் திட்டத்தின் கீழ்ப் பஞ்சாயத்து நூலகங்களில் சிறுவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது மகத்தான காரியம். அந்த அலமாரிகளில், கன்னட நூல்களுக்குப் பக்கத்திலேயே, தமிழ், தெலுங்குக் கதை நூல்களும் ஒரு தட்டில் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அதுவரை பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி, இரவில் குழந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அதன் கண்ணும் பக்கத்தில் படும்படியாக உரக்கப் படிக்கலாம். படித்து முடித்ததும் நீதி என்ன என்று கேட்க வேண்டாம். எழுத்துக்கூட்டச் சொல்லவும் வேண்டாம். புத்தகத்தை அதன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டால் போதும்; மறுநாள் படம் பார்க்கவாவது அது தானே எடுக்கும்.