மேலே வர்ணம், உள்ளே பழுது



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வியாபாரியின் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. நனைந்ததை எல்லாரும் காண மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

பாரந்தூக்கிகளை வாடகைக்கு விடும் முதலாளிமார் இதைச் சிந்திக்கக் கடவர். துருவேறிய கொக்கிக்கு வர்ணம் பூசி அனுப்புவதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதே. அங்கே நஷ்டம் காசு. இங்கே போவது உயிர்!

வாடகைப் பொருளைப் பயன்படுத்தத் தக்க நிலையில் ஒப்படைப்பது உடையவர் கடமை என்பதே இஜாராவின் சட்டம். சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இயந்திரம் வழங்குவோர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. பாரந்தூக்கியை 12 மாதத்துக்கொரு முறையேனும் அங்கீகாரம் பெற்றவர் சோதிக்க வேண்டும். ஆயினும் சான்றிதழ் பெற்ற மறுமாதமே கம்பிக்கயிறு நைந்து போகலாம். அதைக் காண்பவர் உங்கள் பட்டறைத் தொழிலாளிதான். "இதை இன்று அனுப்ப வேண்டாம்" என்று அவர் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருநாள் வாடகை போனாலும் அவர் உங்கள் மறுமையைக் காக்கிறார்.

பாரத்தின் அடியில் நிற்பவரின் உயிர் நம்மிடமுள்ள அமானத். அதைப் பேணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கருள்வானாக! ஆமீன்.