ஒரு டாலர் படகு

குறைந்த பணத்தில் பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம், கையில் இருப்பதை எல்லாம் படகுக்கே கொடுத்துவிடாதே என்பதுதான். என்னிடம் 8,000 டாலர் இருந்தது. சியாட்டிலில் ஒரு பெரியவர் காட்டிய முப்பதடிப் படகின் விலை 6,000. 1978ல் கட்டியது. கணக்கு சரியாக வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் உடல் லேசில் சாகாது. மற்றதெல்லாம் சாகும். மேல்தளத்தில் இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். சரியாக அடைக்காத திருகுத் துளை வழியே நீர் இறங்கினால் மரம் உள்ளேயே அழுகும், மேலே வழவழவென்றுதான் தெரியும். சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். பாய்மரத்தருகே தொப், தொப். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளும் அப்படித்தான். வெளியே மின்னும். தளத்துக்குள் ஈரம் தேங்கிக் காற்றுப் படாத இடத்தில் அரித்துப்போயிருக்கும். அது அறுந்தால் பாய்மரமே சாயும்.

“தெரியும்,” என்றார் பெரியவர். “என்னால இனி முடியாது. உனக்குப் பிடிச்சிருந்தா ஒரு டாலருக்கு எடுத்துக்கோ.”

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, நானும் தெரிந்தேதான் வாங்கப்போகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் அந்த இடத்தில் இல்லாத ஒருவருக்கு. ஃபைபர்கிளாஸ் மக்காது. அதனால் செப்பனிட முடியாதவரிடமிருந்து அதைவிட முடியாதவருக்கு என்று படகு கை மாறிக்கொண்டே போய், கடைசியில் எங்கோ நங்கூரத்திலேயே டீசலோடு மூழ்கும். வாஷிங்டன் மாநிலம் கைவிடப்பட்ட படகுகளை அகற்ற 2002ல் தனிச் சட்டமே போட்டது. அந்தச் செலவில் ஒரு பங்கு மற்ற படகுக்காரர்களின் பதிவுக் கட்டணத்திலிருந்து போகிறது.

என் தொழிலில் இது தினமும் நடப்பது. ‘அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்’ என்று விட்ட பிழை, நாம் வேலை மாறிய பிறகு யாரோ ஒரு புதுப் பையனை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். நானும் அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் அந்த ஒரு டாலர் என்னை உறுத்தியது. தளம், பட்டைகள், கம்பிகள், மாதாமாதம் துறை வாடகை எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். என் 8,000 பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நானும் ஒரு டாலருக்கு ஆள் தேடுவேன்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். தட்டினால் எல்லா இடத்திலும் டக் என்று சொன்ன ஓர் இருபத்தைந்தடிப் படகை 3,500க்கு வாங்கினேன். மிச்சத்தில் பெரும்பகுதி கம்பிகளுக்கே போனது.

ஆனாலும் என் மனசாட்சியைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நான் மறுத்ததால் அந்தப் படகு பிழைத்துவிடவில்லை. என்னைப் போலவே ஆசையோடு, என்னைவிடக் குறைந்த பணத்தோடு இன்னொருவர் வந்திருப்பார். தொப் என்று கேட்ட இடத்தை அவருக்கும் தட்டிக் காட்டுங்கள் என்று பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை.