பந்து அறியுமா பால் வேற்றுமை?

ஆடவர் ஆடும் தொழில்முறைக் கால்பந்து அணியை ஒரு பெண் நடத்திச் செல்ல முடியுமா? ஐரோப்பாவில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் கேள்வி இது. ஏதேனும் ஒரு கழகத்தின் பெயரோடு ஒரு பெண்ணின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டால் போதும். ஏடுகள் கேட்கும், வானொலி கேட்கும், ஆட்டத்தைக் காண வந்து மாடங்களில் அமர்ந்திருப்போர் கேட்பர். கேட்பவர் குரலிலே அக்கறை இருக்கும். முகத்திலே ஐயம் இருக்கும். உள்ளத்தின் அடித்தளத்திலேயோ, ‘முடிந்துவிடக் கூடாதே!’ என்ற அச்சம் ஒளிந்திருக்கும்.

அந்தக் கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். பெண்கள் ஆடும் அணியை ஓர் ஆண் நடத்திச் செல்ல முடியுமா? இப்படி எவரேனும் கேட்டதுண்டா? 2019-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மகளிர் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. வந்திருந்த அணிகள் 24. அவற்றுள் பெண்ணைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டவை 9. எஞ்சிய 15 அணிகளுக்கும் ஆண்களே தலைவர்கள். எவரும் வியக்கவில்லை, எவரும் வினவவில்லை. இத்தனைக்கும் அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்த அமெரிக்க அணியை நடத்தியவர் ஜில் எல்லிஸ் என்ற பெண். நெதர்லாந்து அணியை நடத்தியவர் சரீனா வீக்மன் என்ற பெண். ஆண் பெண்ணுக்குப் பயிற்சி தந்தால் அது இயற்கை. பெண் ஆணுக்குப் பயிற்சி தந்தால் அது புதுமை, புரட்சி, விபரீதம்! ஒரு பக்கம் மட்டுமே கேட்கப்படும் கேள்வி, அறிவின் கேள்வி ஆகாது. அது ஆதிக்கத்தின் கேள்வி.

அணியை நடத்துபவரின் வேலைதான் என்ன? அவர் திடலில் இறங்கிப் பந்தை உதைப்பதில்லை. எதிரியின் தோளோடு தோள் மோதுவதில்லை. யாரை ஆட வைப்பது, யாரை அமர வைப்பது என்று தேர்வதும், எதிரணியின் வலிமையையும் வழுவையும் ஆய்வதும், ஆட்டம் கைநழுவும் வேளையில் ஆளை மாற்றி முறையை மாற்றுவதும், தோற்றுத் துவண்ட இளைஞனைத் தட்டி எழுப்புவதும், வென்று செருக்கியவனைத் தட்டி அடக்குவதும்தான் அவர் பணி. இவற்றுள் எந்தப் பணிக்கு மீசை தேவை? எந்தப் பணிக்கு மார்பின் அகலம் தேவை? அறிவு வேண்டும், ஆற்றல் வேண்டும், அஞ்சாமை வேண்டும். இவை ஆணுக்கு மட்டுமே எழுதி வைக்கப்பட்ட பாட்டன் சொத்து அல்லவே!

“பெரிய ஆட்டங்களில் ஆடிப் பழகிய அனுபவம் இல்லையே” என்பார்கள். இத்தாலி நாட்டு அரிகோ சாக்கி, தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் ஆடியதில்லை, காலணி விற்றுக்கொண்டிருந்தவர். அவர் நடத்திய மிலான் அணிதான் 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவரிடமும் இதே குறையைச் சொன்னார்கள். குதிரையேறும் வீரனாவதற்கு முதலில் குதிரையாகப் பிறந்திருக்க வேண்டும் என்பது தமக்குத் தெரியாது போயிற்று என்று அவர் எள்ளி நகையாடினார். போர்ச்சுகல் நாட்டு மொரீனியோ, பார்சலோனாக் கழகத்தில் பயிற்சியாளருக்கு மொழிபெயர்ப்பாளராக நுழைந்தவர். பெயர் சொல்லும் ஆட்டக்காரராக இருந்ததில்லை. 2004-இல் போர்ட்டோ அணியையும், 2010-இல் இண்டர் மிலான் அணியையும் ஐரோப்பாவின் முடியில் ஏற்றினார். ஆண் என்றால் அனுபவம் இல்லாமை அதிசயம் ஆகிறது. பெண் என்றால் அதுவே தகுதியின்மை ஆகிறது. ஈதென்ன நீதி?

பெண்ணுக்கு அந்த அனுபவம் ஏன் குறைந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் உலகப் போரின்போது, ஆடவர் போர்முனைக்குச் செல்ல, இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பெண்கள் வெடிகுண்டு செய்தார்கள்; ஓய்வு வேளையில் பந்தும் ஆடினார்கள். பிரெஸ்டன் நகரின் ‘டிக், கெர்’ தொழிற்சாலைப் பெண்களின் அணி 1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் ஆடியபோது, காணத் திரண்டோர் ஏறத்தாழ 53,000 பேர். கூட்டம் கூடிற்று, அறச்செயல்களுக்குப் பணம் குவிந்தது. அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5-ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதாம்! வெடிகுண்டு பொருந்திற்று, பந்து பொருந்தவில்லை! அந்தத் தடை நீங்க 50 ஆண்டுகள் ஆயின. 1941-இல் பிரேசில் தடுத்தது. 1979 வரை அந்தத் தடை நீடித்தது. 1955-இல் மேற்கு செருமனியின் சங்கம் தடுத்தது, 1970-இல்தான் விட்டுக்கொடுத்தது. சாத்திரம் நம் நாட்டில் மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே அதற்கு ‘விதிமுறை’ என்று பெயர்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மவர் பழமொழி. இங்கோ, கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், ‘அவளுக்கு ஆடத் தெரியாது’ என்கிறார்கள்!

“அது கிடக்கட்டும். ஆண்கள் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுவார்களா?” என்பது அடுத்த கணை. வகுப்பறையில் நின்று பழகிய நாம் ஒன்றை அறிவோம். கடைசி வரிசையில் இருக்கும் முரட்டு மாணவன் முதல் நாளில் ஆசிரியரின் உருவத்தை அளந்து பார்க்கிறான். இரண்டாம் வாரத்தில், இவருக்குப் பாடம் தெரியுமா, நேர்மையாக மதிப்பெண் இடுவாரா என்பதைத்தான் பார்க்கிறான். தெரியும் என்று கண்டால் அடங்குகிறான். தெரியாது என்று கண்டால் ஆறடி ஆசிரியரையும் ஆட்டி வைக்கிறான். ஆட்டக்காரனும் அப்படியே. தன்னை வெற்றிக்கு அழைத்துச் செல்லத் தெரிந்தவர் யாரோ, அவர் சொல் அவனுக்குச் செவியில் ஏறும்.

கற்பனை அன்று இது, கண்கூடு. பிரான்சு நாட்டுக்காக 121 முறை ஆடிய கொரின் டியாக்கர், 2014-இல் கிளெர்மோன் என்னும் கழகத்தின் ஆடவர் அணிக்குத் தலைமை ஏற்றார். அந்நாட்டின் இரண்டாம் பிரிவில் ஆடிய அணி அது. ஆகஸ்ட் 4-ஆம் நாள், தம் 40-ஆவது பிறந்த நாளன்று, பிரெஸ்ட் அணியுடன் முதல் போட்டி. 2-1 என்று தோற்றார். ‘பார்த்தீர்களா!’ என்றவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் மூன்று பருவங்கள் அவர் அங்கே பணியாற்றினார். ஒரு பருவத்திலும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கவில்லை. இரண்டாம் பருவத்தில் 20 அணிகளுள் 7-ஆம் இடம் பெற்றது. ஹாங்காங்கிலே, சான் யூன்-டிங் என்ற 27 வயது மங்கை, 2015 டிசம்பரில் ஈஸ்டர்ன் கழகத்தின் ஆடவர் அணியை ஏற்றார். 2016 ஏப்ரலில் அவ்வூரின் முதற்பிரிவுப் பட்டத்தையே வென்று கொடுத்தார். அந்தக் கழகம் 21 ஆண்டுகளாகக் காணாத பட்டம்! கத்தார் நாட்டில் 2022 டிசம்பர் 1-ஆம் நாள், செருமனியும் கோஸ்டா ரிகாவும் மோதிய ஆடவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஊதல் பிடித்தவர் ஸ்டெஃபானி ஃபிராப்பார் என்ற பெண். ஊதல் ஒலித்ததும் 22 ஆடவரும் நின்றனர். பெண் ஊதியது என்று எவர் காலும் நிற்க மறுக்கவில்லை.

“உடை மாற்றும் அறைக்குள் அவள் எப்படிப் போவாள்?” — மானம் காப்போர் இப்படிக் கேட்பர். பெண்கள் அணிக்கு வாய்த்த அந்த 15 ஆண்கள் எப்படிப் போனார்களோ அப்படி! கதவைத் தட்டிவிட்டு, உடுத்தி முடித்தபின் உள்ளே போவாள். ஒரு கதவைத் தட்டத் தெரிந்தால் தீர்ந்துவிடும் சிக்கலைக் காட்டி, ஓர் இனத்தின் பாதியை வெளியே நிறுத்துவது எவ்வகையில் முறை?

ஆகவே, ‘முடியுமா?’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயினும் பணி முடிந்துவிட்டது என்று நாம் எண்ணவில்லை. பதவி கொடுப்பது ஒன்று. அதிகாரம் கொடுப்பது வேறொன்று. டியாக்கருக்கு முன்பே, 2014 மே மாதம், அதே கிளெர்மோன் கழகம் எலேனா கோஸ்டா என்ற போர்ச்சுகல் பெண்ணை அறிவித்தது. உலகமெங்கும் ஏடுகள் அவர் படத்தை வெளியிட்டன. ஒரு போட்டியும் நடப்பதற்கு முன்னரே, ஜூன் மாதத்தில் அவர் விலகினார். தம்மைக் கேளாமலேயே ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டதாகவும், விளம்பரத்துக்கான முகமாகவே தாம் கருதப்பட்டதாகவும் அவர் சொன்னார். கொலுவில் வைத்த பொம்மைக்கு முடி உண்டு, செங்கோல் உண்டு, ஆட்சி உண்டா? இங்கிலாந்திலே 2023 ஜூலையில், ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கழகம் ஹன்னா டிங்லியை இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தியது. அந்நாட்டின் தொழில்முறை ஆடவர் அணிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்று புகழ்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரங்களில், பருவம் தொடங்கு முன்னரே, நிலையான பொறுப்பு ஓர் ஆணிடம் சென்றது. புகழ்மாலை அவளுக்கு, பொறுப்பு அவனுக்கு!

இதனினும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம். ஆண் தோற்றால் தோற்றவன் அவன் ஒருவனே. பெண் தோற்றால் தோற்றவள் பெண்ணினம்! 1974-இல் பிரையன் கிளஃப் என்பவர் லீட்ஸ் அணியின் பொறுப்பேற்று 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். ‘ஆண்கள் இதற்கு ஏற்றவர் அல்லர்’ என்று எவரும் தீர்ப்பு எழுதவில்லை. 1975-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை அழைத்தது. 1979, 1980 ஆகிய ஈராண்டும் ஐரோப்பியக் கோப்பை அவர் கையில் இருந்தது. இத்தாலியிலே 1999-இல் கரோலினா மொராசே, விட்டர்பேசே என்னும் ஆடவர் அணியை ஏற்று இரண்டே போட்டிகளில் விலகினார். அவருக்கு ஒரு நாட்டிங்ஹாம் காத்திருக்கவில்லை. சான் யூன்-டிங்கின் அணி 2017-இல் சீனத்தின் குவாங்சோ அணியிடம் 7-0 என்று தோற்றது. அன்று எதிரணியின் பயிற்சியாளராய் நின்றவர் யார்? பிரேசிலின் ஸ்கோலாரி! 2014 உலகக் கோப்பையில், தம் சொந்த மண்ணில், செருமனியிடம் 7-1 என்று தோற்ற அணியின் தலைவர் அவரே. ஏழு பந்துகள் அவர் வலையிலும் விழுந்தன. அவரது ஆண்மை மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

சமத்துவம் என்பதற்கு, வல்லமை மிக்க ஒரு பெண் வெல்வதற்கு வாய்ப்புத் தருதல் என்று மட்டும் பொருள் கொள்வோர் பாதி தூரமே நடந்தவர்கள். சராசரிப் பெண் சராசரியாக இருக்கவும், தவறு செய்த பெண் தன் தவறுக்குத் தான் மட்டும் பொறுப்பாகவும், தோற்ற பெண் மறுபடியும் ஒருமுறை அழைக்கப்படவும் உரிமை வேண்டும். கிளெர்மோனில் மதிப்போடு பணியாற்றிய அதே டியாக்கர், பின்னாளில் பிரான்சு மகளிர் அணியை நடத்தியபோது, முன்னணி ஆட்டக்காரப் பெண்கள் சிலர் அவரோடு ஆட மறுக்க, 2023 மார்ச்சில் நீக்கப்பட்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெண் தெய்வம் என்று நாம் சொல்லவில்லை. பெண் பேய் என்பதையும் ஒப்பவில்லை. பெண் மனிதப் பிறவி. திறமும் திமிரும், வெற்றியும் வீழ்ச்சியும் மனிதருக்கு உரியவை.

இன்னும் ஒன்று. ‘ஆடவர் அணிக்கு உயர்வது’ என்று பேசுகிறார்களே, அந்த ‘உயர்வு’ என்ற சொல்லையும் சற்றே உரசிப் பார்க்க வேண்டும். 2021-இல் இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் ஆடிய விம்பிள்டன் கழகத்தோடு எம்மா ஹேய்ஸ் பெயர் அடிபட்டது. செல்சி மகளிர் அணியின் தலைமைப் பொறுப்பிலே சிறந்து விளங்கிய அவர், மகளிர் அணியிலிருந்து ஆடவர் அணிக்குப் போவதை ஏற்றம் என்பது, தாம் பயிற்றுவிக்கும் பெண்களை இழிவுபடுத்துவதாகும் என்று சுடச்சுடச் சொன்னார். அந்த ஆண்டே அவரது அணி ஐரோப்பாவின் இறுதிப் போட்டி வரை சென்றது. ஆணின் மூன்றாம் படி, பெண்ணின் முதற்படியைவிட உயரம் என்று கணக்கிடுவது எந்த ஊர் அளவுகோல்?

பெண் ஆடவர் அணியை நடத்தலாம், நடத்தியும் காட்டினாள். நடத்த விருப்பமில்லை என்று மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. ஒரு கழகம் ஒரு பெண்ணை அமர்த்தும்; அவள் ஐந்து போட்டிகளில் தோற்பாள்; ‘ஆட்டமுறை சரியில்லை’ என்று மட்டும் ஏடுகள் எழுதும்; அவள் போவாள்; அடுத்து வருவதும் ஒரு பெண்ணாக இருக்கும்; அதைச் செய்தியாக எவரும் எண்ணமாட்டார். அந்த நாளில்தான் இந்தக் கேள்வி செத்தது என்று நாம் சொல்வோம்.

பந்து உருண்டையானது. உதைத்தவர் யார், உத்தி வகுத்தவர் யார் என்று அது பார்ப்பதில்லை. சரியாகச் செலுத்தினால் வலைக்குள் போகிறது. உயிரில்லாத தோலுக்கு இருக்கும் நடுநிலை, உயிருள்ள மனிதருக்கு வாய்ப்பது எந்நாளோ?