மறந்தாரையும் மறவாத பெருமாள்

மார்கழிதோறும் திருப்பாவை 30 பாசுரங்களையும் அநுஸந்தித்து, பேரக்குழந்தைகளுக்கும் கற்பித்த பாட்டியார், தள்ளாத வயதில் எம்பெருமான் திருநாமத்தையே மறக்கிறார், பெற்ற பிள்ளையையும் "நீ யார்?" என்கிறார். இறுதிக் காலத்தில் தன்னை நினைப்பவன் தன்னையே அடைகிறான் என்று கீதையின் 8-ஆம் அத்யாயத்தில் கண்ணன் அருளினானே; நினைவே அழிந்தவரின் பக்தி வீணோ?

வீணன்று. உடலும் உள்ளமும் திடமாயிருந்த காலத்தில் ஒருவன் தன்னை நினைத்திருந்தால், அவன் கட்டையும் கல்லும் போல் கிடக்கும் இறுதியில், தானே அவனை நினைந்து பரமகதி சேர்ப்பதாக வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு வாக்களித்தான். இதுவே வராஹ சரம ச்லோகத்தின் பொருள்.

குடும்பத்தார்க்கு இதில் பாடமும் உண்டு. தன்னை மறந்தவரை எம்பெருமான் மறவாதிருக்க, தம்மை மறந்த பாட்டியாரைத் தாம் மறக்கலாமோ? அவர் கற்பித்த பாசுரத்தை அவர் செவியில் சொல்லி, அன்னம் ஊட்டுவதும் பகவத் கைங்கர்யமே.